கூட்டின் அளவும் மனத்தின் அளவும்

கூடு கட்டுவது தச்சு வேலை. பலகையும் ஆணியும் கம்பிவலையும் சேர்ந்தால் கூடு ஆகிவிடுகிறது. இதில் அறம் எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஓர் உயிரை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுகிறவன், அந்த நிமிடம் முதல் அதன் காற்றுக்கும் நிழலுக்கும் உணவுக்கும் ஓட்டத்துக்கும் பொறுப்பாளி ஆகிறான். தானாகத் தேடிக்கொள்ளக்கூடியதை எல்லாம் அதற்குத் தடுத்தவன் அவன். தடுத்ததை அவனே கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுக்க வேண்டும்? கொடுத்தது போதும் என்று தீர்ப்புச் சொல்பவர் யார்? இதுவே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி.

ஒரு சிறு பிராணியை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு வீடு. இரண்டு தென்னையும் ஒரு மாமரமும் நிற்கும் சிறு வளவு. பிள்ளைகள் ஆசைப்பட்டு நாலு கினிப்பன்றிகளைக் கேட்கிறார்கள். மாடிவீடு போல அடுக்கடுக்காகக் கூடு வேண்டும் என்பதும் அவர்கள் விருப்பம். தகப்பனார் சுத்தியலை எடுக்கிறார். அவர் எதை மனத்தில் வைத்துக் கட்ட வேண்டும்?

யார் இந்தப் பிராணி?

பெயரில் பன்றி இருந்தாலும் இது பன்றி அல்ல; கினி நாட்டிலிருந்து வந்ததும் அல்ல. எலி, அணில் போலக் கொறித்துத் தின்னும் இனம். தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டு மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணவுக்காக இதை வீட்டில் வளர்த்தார்கள். பெரு நாட்டின் குஸ்கோ பேராலயத்தில், 18ஆம் நூற்றாண்டில் மார்க்கோஸ் சபாத்தா தீட்டிய இறுதி இராவுணவு ஓவியம் ஒன்று உண்டு. ஆண்டவருக்கு முன்னால் தட்டில் கிடப்பது கினிப்பன்றி என்றே பலரும் சொல்வர். தம் வீட்டு விருந்தில் எது சிறந்ததோ அதையே அந்த மக்கள் ஆண்டவருடைய மேசையிலும் வைத்துப் பார்த்தார்கள்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக இது ஐரோப்பா சென்றது. பிறகு ஆய்வுகூடங்களுக்குள்ளும் புகுந்தது. 1907இல் அக்ஸல் ஹோல்ஸ்ட், தியடோர் புரோலிக் என்ற நோர்வே நாட்டு ஆய்வாளர் இருவர், கப்பற்காரரை வாட்டிய ஸ்கேவி நோய் உணவுக் குறையால் வருவதே என்பதற்கு இப்பிராணியிடம் சான்று கண்டனர். மனிதனைப் போலவே இதன் உடலும் விற்றமின் சி சத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. அடுப்படியிலும் ஆய்வுகூடத்திலும் பிள்ளைகளின் மடியிலும் மனிதனுக்குப் பயன்பட்ட ஒரு பிராணி, அவனிடமிருந்து பெற்றது என்ன என்று கேட்பதில் தவறில்லை.

"அப்படியானால் கூடே வேண்டாம், திறந்து விட்டுவிடுங்கள்" என்று இளகிய மனத்தவர் சொல்வர். அது அன்பு போலத் தோன்றும்; முடிவில் கொலையாகிவிடும். எமது வளவுகளில் கீரி உண்டு, சாரை உண்டு, காகமும் நாயும் பூனையும் உண்டு. ஓடி ஒளிவதைத் தவிர வேறு பாதுகாப்புத் தெரியாத இப்பிராணி ஓர் இரவு தப்புவதே அரிது. பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் கையை நம்பியே வாழப் பழகிய உயிர் இது. கதவைத் திறந்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடாது.

கணக்குச் சரி, வாழ்க்கை பிழை

இனி அளவுக்கு வருவோம். இரண்டு கினிப்பன்றிகளுக்குக் குறைந்தது 7½ சதுர அடியும், நாலுக்கு 13 சதுர அடியும் வேண்டும் என்பது மேல்நாடுகளில் விலங்கு நலனில் அக்கறை கொண்டோர் பொதுவாகச் சொல்லும் அளவு.

தகப்பனார் மூன்று மாடி போடுகிறார் என்று வைப்போம். ஒவ்வொரு மாடியும் 2 அடி நீளம், 2 அடி அகலம். ஒன்றுக்கு 4 சதுர அடி. மூன்றுக்கும் சேர்த்து 12. ஏறக்குறைய சொன்ன அளவு வந்துவிட்டது. விறாந்தையின் ஒரு மூலையில் அடங்கிவிடும். வருகிறவர்களும் அழகாக இருக்கிறது என்பார்கள். ஆனால் உள்ளே இருப்பது அணில் அல்ல. கினிப்பன்றிக்கு மரம் ஏறத் தெரியாது. உயரத்திலிருந்து விழுந்தால் கால் முறியும். அதன் மகிழ்ச்சி எல்லாம் நிலத்தோடு ஒட்டிய ஓட்டத்தில் இருக்கிறது. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நேராக ஓடும்; சந்தோஷம் மிகுந்தால் நின்ற இடத்திலேயே துள்ளும். மூன்று மாடி கட்டியும் அது இரண்டு அடிக்கு மேல் எங்கும் ஓட முடியாது. கணக்குச் சரி, வாழ்க்கை பிழை.

அதே பலகையைக் கொண்டு 6½ அடி நீளமும் 2 அடி அகலமுமாக ஒரே தளம் போட்டால் 13 சதுர அடி ஆகும். பார்வைக்குச் சாதாரணமான பெட்டிதான். அதற்கு மேல் ஒரு பக்கத்தில் மட்டும் தாழ்வாக ஓர் அரைத்தளம் வைக்கலாம். ஏறுவதற்குச் செங்குத்தான ஏணி கூடாது. நீண்டு சரிந்த பலகை வேண்டும். அதன் இரு ஓரத்திலும் தடுப்பு, மேலே வழுக்காதபடி சாக்குத் துணி. தளம் கம்பிவலையாக இருந்தால் கழுவச் சுலபம் என்று எமக்குத் தோன்றும். அதன் பாதங்களோ புண்ணாகிச் சீழ் கட்டும். பலகைத் தளமும், காய்ந்த வைக்கோல் படுக்கையும், அதை அடிக்கடி மாற்றும் சிரமமும் வேண்டும்.

இங்கேதான் அறம் தச்சு வேலைக்குள் நுழைகிறது. மாடி யாருக்காக? பார்ப்பவன் கண்ணுக்கா, வாழ்கிறதன் காலுக்கா? கொடுக்கிறவன் தன் மகிழ்ச்சியைக் கொண்டு தன் கொடையை அளக்கும்போது, மனதாரவே தவறு செய்துவிடுகிறான். கெட்ட எண்ணம் கொண்டவன் செய்யும் கொடுமையை நாம் சுலபமாக அடையாளம் காண்போம். நல்ல எண்ணத்தோடு, மற்றவர் இடத்திலிருந்து ஒருமுறையும் பார்க்காமல் செய்யும் கொடுமை கண்ணில் படாமலே போய்விடும்.

ஒன்று அல்ல, பல

கினிப்பன்றி கூட்டமாக வாழும் பிராணி. தனியாக வைத்தால் அது வாடும். சுவிற்சர்லாந்து 2008இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, இதைத் தனியாக வளர்ப்பதற்கே அனுமதி இல்லை.

ஆனால் பல சேர்ந்தால் அங்கும் வலியது உண்டு, எளியது உண்டு. ஒளிந்திருக்க ஒரு பெட்டி வைத்து அதற்கு ஒரே வாசல் விட்டால், வலியது வாசலில் நின்றுகொள்ளும். எளியது உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு மறைவிடத்துக்கும் இரண்டு வாசல் வேண்டும். தீனித்தட்டும் தண்ணீரும் இரண்டு இடத்தில் வேண்டும். புல் ஒரே மூலையில் குவிந்தால் எளியதற்குக் கிடைக்காது. மொத்த இடம் எவ்வளவு என்று கேட்டு நிறுத்தாமல், கடைசியாய் நிற்பதற்கு எவ்வளவு கிடைக்கிறது என்றும் பார்ப்பதே நீதி.

முன்யோசனையும் நீதியில் ஒரு பகுதி. ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குட்டிகள் பிறக்கும். ஆண்குட்டியை மூன்று வாரத்தில் பிரிக்காவிட்டால் பெருக்கம் தொடரும். நாலு பத்தானபின், நேற்றைய விசாலமான கூடு இன்று சிறையாகிவிடும்.

கச்சானும் மாரியும்

எந்த ஊரில் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். இது குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி. வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் அதன் உயிருக்கே ஆபத்து. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எமது பகுதியில் பகல் வெப்பம் அதைச் சாதாரணமாகவே தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே மேல்மாடி என்பது அடுப்பு. கீழ்த்தளம் மரநிழலில் இருக்க வேண்டும். தகரம் போட்டாலும் அதன்மேல் கிடுகு வேய வேண்டும். காற்று ஊடுருவ வேண்டும்.

மாரியில் நிலைமை தலைகீழாகும். 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்தவர் எம்மில் இல்லை. வாவி பெருகி வளவுக்குள் வரும் நாளில் நிலத்தோடு ஒட்டிய கூடு மூழ்கும். அப்போது மேல்தளம் உயிர் காக்கும். ஆகவே எமது ஊரில் மேல்தளத்துக்கு உண்மையான தேவை உண்டு. அதன் உயரத்தை முற்றத்தில் ஏறும் தண்ணீரை நினைத்து வைக்க வேண்டும்.

மனிதருக்கே வீடில்லாதபோது?

இப்போது கனமான ஓர் எதிர்க்கேள்வி வருகிறது. மனிதரே தகரக் கொட்டில்களில் வெந்த மண் இது. 1978 நவம்பர் 23இல் சூறாவளி கூரைகளைப் பிடுங்கியது. 2004 டிசம்பர் 26இல் கடல் கல்லடியையும் நாவலடியையும் விழுங்கியது. யுத்தம் மக்களை மீண்டும் மீண்டும் முகாம்களுக்குத் துரத்தியது. இந்த மண்ணில் கினிப்பன்றிக்கு விசாலமான வீடா?

இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளக்கூடாது. திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1992) இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. விலங்குகளைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கே இழுக்கு. அதேவேளை, மனிதரின் துன்பம் துடைக்கப் போகவேண்டிய பணத்தை விலங்குகளுக்குக் கொட்டுவதும் தகாது. பட்டு மெத்தையும் வெள்ளித் தட்டும் நிச்சயமாகத் தவறு. ஆனால் ஓட இடமும், ஒளிய மறைவும், நிழலும் ஆடம்பரம் ஆகா. பழைய பலகையும் கிடுகும் அரைநாள் உழைப்பும் எந்த ஏழையின் சோற்றையும் பறிப்பதில்லை.

விலங்கைக் கொடுமைப்படுத்தப் பழகியவன் மனிதனையும் கொடுமைப்படுத்துவான் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் எச்சரித்தார். இதன் மறுபக்கமும் உண்மை. சுனாமிக்குப் பின் தற்காலிக வீடு ஒன்றுக்கு 200 சதுர அடி என்று அளவு குறித்தார்கள். பல குடும்பங்களுக்கு அவசரமாகக் கூரை வேண்டியிருந்த நேரம். அளவு ஒன்று தேவைதான். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குத் தகரத்தின் கீழ், கைக்குழந்தையோடு இருந்த தாய்க்கு மட்டுமே அந்த 200 சதுர அடியின் உண்மை தெரியும். உள்ளே இருப்பவரின் இடத்திலிருந்து பார்க்கும் பழக்கம் ஒன்றுதான். அது சிறு பிராணியிடத்தில் பழகினாலும் பெரிய இடத்தில் உதவும்.

பெரு நாட்டின் லீமா நகரிலே வாழ்ந்த புனித மார்ட்டின் தெ போரஸை (1579–1639) நினைத்துக்கொள்வோம். அவர் கறுப்பினத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்து, பிறப்பின் காரணமாக ஏளனம் அனுபவித்தவர். நகரத்து ஏழைகளுக்கு உணவிட்டார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அதே மனிதர் நாய்க்கும் பூனைக்கும் புண் கட்டினார் என்று மரபு கூறுகிறது. துணிகளைக் கொறித்த எலிகளைக்கூடக் கொல்லாமல் தோட்டத்துக்கு அழைத்து உணவிட்டாராம். 1962இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஏழைக்குக் கொடுத்தபின் எலிக்கு இரக்கம் மிஞ்சியதா என்று அவர் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்

எவ்வளவு விசாலமாகக் கட்டினாலும் கூடு கூடுதான் என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்வோம். அதனால்தான் முதற் கேள்வி அளவைப் பற்றியது அல்ல. வாங்கலாமா என்பதே முதற் கேள்வி. இப்பிராணி 5 முதல் 8 ஆண்டு வாழும். அத்தனை கச்சானிலும் நிழல் கொடுக்க, அத்தனை மாரியிலும் காய்ந்த படுக்கை போட, நாள்தோறும் புல் அறுத்துவர எம்மால் முடியுமா? இல்லை என்றால், பிள்ளைகளிடம் "வேண்டாம்" என்று சொல்வதே அந்த உயிருக்குச் செய்யும் பெரிய உபகாரம். பிள்ளைகளுக்கும் அது ஒரு நல்ல பாடம். ஆசைப்பட்டது எல்லாம் கூட்டுக்குள் அடைபட வேண்டியதில்லை என்று அவர்கள் அறிந்துகொள்வார்கள்.

முடியும் என்றால், சுத்தியலை எடுப்பதற்கு முன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கூடு வைக்கப்போகும் இடத்தில் ஒரு மத்தியானம் முழுவதும் நிலத்தில் உட்கார்ந்து பாருங்கள். வெயில் எப்போது வருகிறது, காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, நாய் எங்கே படுக்கிறது என்று அவர்களே சொல்லட்டும். அதன் பிறகு அளவுநாடாவை எடுங்கள்.