விழித்திருக்கும் இல்லம்

ஆகஸ்டு மாத இறுதியில் மதுரையிலிருந்து வேளாங்கண்ணிக்குச் செல்லும் பேருந்துகள் நிரம்பி வழிகின்றன. காவி உடுத்திக் கால்நடையாகச் செல்வோரும் உண்டு. திருநகரிலும் கூடல்நகரிலும் ஆனையூரிலும் அந்நாள்களில் எத்தனையோ இல்லங்கள் பூட்டிக் கிடக்கும். பூட்டிய வீட்டை அறிந்துகொள்ளக் கள்வனுக்குப் பெரிய கல்வி தேவையில்லை. வாசலில் கோலம் இராது. நாளிதழ்கள் படியில் குவிந்திருக்கும். இரவில் விளக்கு எரியாது, அல்லது பகலிலும் அணையாமல் எரியும். வெளிக்கதவில் தொங்கும் பெரிய பூட்டு ஒன்றே, உள்ளே எவருமில்லை என்று தெருவுக்கு அறிவித்துவிடும்.

ஆகவே, புறப்படும் முன் செய்ய வேண்டியவை சில உள. நகையை வங்கிப் பெட்டகத்தில் வைப்பது, பாலையும் நாளிதழையும் நிறுத்துவது, ஊருக்குச் செல்லும் செய்தியைக் காவல் நிலையத்தில் தெரிவிப்பது, வாசல் தெளித்துக் கோலமிடுமாறு அடுத்த வீட்டுப் பெண்மணியைக் கேட்டுக்கொள்வது. பீரோவின் சாவியை அதன் மேலேயே வைத்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. அந்த இடம் நம் பிள்ளைகளைவிடக் கள்வனுக்கு நன்கு தெரியும்.

இவற்றையெல்லாம் நாம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தபோது, பங்கின் முதியவர் ஒருவர், "மாதாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இத்தனை பயம் எதற்கு? வீட்டை அவள் பார்த்துக்கொள்ள மாட்டாளா?" என்றார். பக்தியில் பிறந்த வினாவாயினும் விடை வேண்டும் வினா அது. ஆண்டவர் காவாத நகரில் காவலரின் விழிப்பு பயனற்றது என்பது 127ஆம் திருப்பாடலின் கருத்து. ஆயினும் அப்பாடல் காவலரை வீட்டுக்குப் போய் உறங்கச் சொல்லவில்லை. கள்வன் வரும் வேளையை அறிந்திருந்தால் விழித்திருப்பான் என்று வீட்டுத் தலைவனைப் பற்றி இயேசுவும் இயல்பாகவே பேசுகிறார். வீட்டைக் காப்பது நம்பிக்கையின்மை என்று அவர் எங்கும் குறை கூறவில்லை.

நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது வேறொரு பகுதி. விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. கன்னமிட்டு நுழையும் திருடன் இருளில் அடிபட்டு இறந்தால் அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. கதிரவன் எழுந்த பின்னர் அது நடந்திருந்தால் பழி உண்டு. இருளில் வருபவன் பொருளுக்காக வந்தானா, உயிருக்காக வந்தானா என்று தெரியாது. வெளிச்சத்தில் முகம் தெரியும், அக்கம்பக்கத்தாரை அழைக்கலாம். நம் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதே எல்லையில்தான் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் வீட்டை உடைத்து நுழைவோரிடமிருந்து காத்துக்கொள்ளும் உரிமையை உயிர்ப்பறிப்பு வரை விரிக்கிறது. ஆயினும், தேவைக்கு மேற்பட்ட தீங்கு கூடாது என்னும் கட்டுப்பாடு 37ஆம் பிரிவில் உண்டு. தற்காப்பில் மிகுதியான வன்முறை கூடாது என்று புனித தோமா அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருந்தார்.

உறக்கத்திலிருந்து பதறி எழுந்தவன் அளவு பார்த்தா அடிப்பான்? பார்க்க இயலாது. ஆகவேதான் முன்னேற்பாடு என்பது பொருளைப் பற்றிய கவலை மட்டுமன்று என்கிறோம். உறுதியான தாழ்ப்பாளும், கொல்லைப்புறத்து விளக்கும், குரல் கொடுத்தால் எழுந்து வரும் அண்டை வீட்டாரும் இருந்தால், அரிவாளைத் தேடும் வேளையே நமக்கு வாராது. கதவிலுள்ள தாழ்ப்பாள் நம் பொருளைக் காப்பதோடு, வந்தவனின் உயிரையும் நம் கையையும் சேர்த்தே காக்கிறது. (தோட்டத்தைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சிய கம்பியை இதோடு சேர்க்க வேண்டாம். அது காட்டுப்பன்றியையும் கூலியாளையும் வேறு பிரித்து அறிவதில்லை. சட்டமும் அதற்கு இடந்தருவதில்லை.)

விழிப்பு என்பது இன்னும் கடினமானது. கதவுக்குத் தாழிடலாம், கண்ணுக்கு எப்படித் தாழிடுவது? யாரைக் கண்டால் நம் கண் கூர்மையடைகிறது என்பதில்தான் இடர்ப்பாடு.

மதுரைச் சீமைக்கு இதில் பழைய பட்டறிவு உண்டு. அழகர்கோயிலின் காவல் தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பன், மலையாள நாட்டிலிருந்து அக்கோயிலின் செல்வத்தைக் கவர வந்தோருடன் வந்து, அங்கேயே காவலனாய் நின்றுவிட்டவன் என்பது இவ்வட்டாரத்துக் கதை. வந்தவனே காவலனானான் என்பதை நம் முன்னோர் வியப்பாகக் கருதவில்லை. மதுரைக்கு மேற்கேயுள்ள ஊர்களில் பிறமலைக் கள்ளர் பல தலைமுறைகளாக இரவுக் காவல் புரிந்தனர். அதற்குக் கூலி உண்டு. களவு போனால் மீட்டுத் தருவதும், இயலாதபோது ஈடு செய்வதும் காவலரின் கடன். இம்முறை குறையற்றது என்று நாம் கூறவில்லை. காவல்கூலி தராதவரின் மாடு காணாமற் போவதும், துப்புக்கூலி தந்தபின் திரும்பி வருவதும் அன்று நடந்தவையே.

ஆங்கில அரசு இதற்குக் கண்ட தீர்வு, ஒரு முழு மக்களையே கள்வரென எழுதி வைப்பது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின்கீழ் அம்மக்களின் ஆண்களிடம் கைரேகை பெறப்பட்டது. இரவானால் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். பிறர் வீடுகளைக் காத்தவர்கள், தம் வீட்டைக் காக்க வீட்டில் இல்லாமல் போயினர். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை தர மறுத்தனர். காவல் துறையினர் சுட்டதில் 16 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பெண். அம்மக்களுக்காக மதுரை நீதிமன்றங்களில் வாதாடியவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் என்னும் கிறிஸ்தவர். அவரை அவர்கள் அன்போடு 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தனர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

சட்டம் போயிற்று. ஏடுகளிலிருந்து நீங்கியது நம் கண்ணிலிருந்து நீங்கிற்றா? 2018 மே மாதம் போளூருக்கு அருகே, கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று கூட்டம் கூடி அவரை அடித்தே கொன்றது. கைப்பேசியில் பரவிய வதந்தி அதற்கு முன்பே அவ்வூரை 'விழிப்பாக' வைத்திருந்தது. அது இரவன்று, கதிரவன் எழுந்து நெடுநேரம் ஆகியிருந்தது.

போளூர் தொலைவில் இருப்பதால் நாம் அதை எளிதாகக் கண்டித்துவிடுகிறோம். அண்மையில் நடந்த ஒன்றையும் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் வேளாங்கண்ணியிலிருந்து திரும்பியபோது நம் இல்லத்தில் ஒரு சங்கிலியைக் காணவில்லை. கதவு உடையவில்லை, பூட்டும் பழுதின்றி இருந்தது. ஆகவே எல்லாருடைய எண்ணமும், வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாவின் பக்கமே சென்றது. எவரும் வாய்திறந்து குற்றஞ்சாட்டவில்லை. அடுக்களைக் கதவை மட்டும் அன்று முதல் ஒருவர் உடன் நின்று திறந்தோம். மூன்றாம் நாள் அவர், "நான் நாளைக்கு வரலைங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார், பின்னர் வரவேயில்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் பட்டுச் சேலைகளை வெயிலில் உலர்த்த எடுத்தபோது, ஒன்றின் மடிப்பிலிருந்து சங்கிலி விழுந்தது. அவர் வீடு நம் தெருவிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளித்தான் இருக்கிறது. அச்செய்தியைச் சொல்ல நாம் இன்னும் அங்குப் போகவில்லை.