அதுவே இது

முன்பு கண்ட ஒரு பொருளை நெடுநாள் கழித்து மறுபடியும் கண்டு, ‘அதுவே இது’ என்று நாம் சொல்லும்போது, அச்சிறு வாக்கியத்துக்குள் எத்தனை பெரிய தத்துவ விசாரம் அடங்கியிருக்கிறதென்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பிரத்தியபிஞ்ஞை என்று பெயரிட்டு நம் முன்னோர் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய அவ்விஷயம், ஏட்டுப் படிப்பாக இருந்தது போய் என் நெஞ்சைத் தொட்ட கேள்வியாக மாறியது, பழைய மின்சாரக் கிட்டார்களைச் சேகரிக்கும் என் அமெரிக்க நண்பர் ஒருவருடன், அவர் பிறந்து வளர்ந்த கலமசூ நகரத்துக்குச் சென்றிருந்தபோதுதான்.

மிச்சிகன் மாநிலத்திலுள்ள அந்நகரம் கிட்டார் அன்பர்களுக்கு ஒரு க்ஷேத்திரம். 1902-ல் அங்கே அமைந்த கிப்ஸன் நிறுவனம் 1917-ல் பார்ஸன்ஸ் தெருவில் கட்டிய தொழிற்சாலையிலிருந்துதான், 1936-ல் வந்த ஈ.எஸ். 150, 1952-ல் வந்த லெஸ் பால் முதலிய புகழ்பெற்ற மின்சாரக் கிட்டார்கள் உலகெங்கும் சென்றன. பள்ளி விட்டு வரும் வழியில், திறந்த சன்னல்கள் வழியே வீசிய மரத்தூளின் மணத்தையும் மெருகெண்ணெயின் நெடியையும் முகர்ந்துகொண்டு சிறுவயதில் நின்ற என் நண்பர், அன்று வாங்க வகையற்ற அந்த வாத்தியத்தை ஐம்பது வயதுக்கு மேல் தேடிப் பிடித்து வாங்கினார். அது 1956-ல் செய்த பொன்னிற லெஸ் பால். மஹாகனி உடலின்மேல் மேபிள் முகப்பு. வெண்கலப் பொடி கலந்த அந்தப் பொன் பூச்சில், முதலில் வாசித்தவருடைய வலது முன்கை உராய்ந்து உராய்ந்து, ஒரு விளிம்பில் மட்டும் களிம்பேறிப் பச்சை பூத்திருந்தது.

சேகரிப்போருக்கென்று ஒரு தர்மம் உண்டு. அதன் மூல மந்திரம் ‘அசல்’ என்னும் ஒரே சொல். பின்பலகையைக் கழற்றி, உள்ளே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பின் முதுகில் பொறித்த இலக்கங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் படித்து, முதல் மூன்றால் அதைச் செய்த நிறுவனத்தையும் அடுத்தவற்றால் ஆண்டையும் வாரத்தையும் அறிவார்கள். ஈயப்பற்று ஒன்று புதிதாயிருந்தாலும் முகம் சுளிப்பார்கள். மறுபூச்சுப் பூசினால் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும். நண்பருடைய கிட்டாரில், விரற்பலகையின் குறுக்கே பதித்த மெட்டுக்கள் பள்ளம் விழுந்து தேய்ந்து, ஸ்வரங்கள் கரகரத்தன. மெட்டை மாற்றினால் அசல் கெடும். மாற்றாவிட்டால் வாசிக்க இயலாது. அசலைக் காக்கத் தீர்மானித்த அவர், பதினைந்து ஆண்டுகளாக அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

பார்ஸன்ஸ் தெருவில் நாங்கள் நின்றபோது, ‘கிப்ஸன்’ என்ற எழுத்துக்களைத் தாங்கிய உயர்ந்த புகைபோக்கி அப்படியே இருந்தது. கிப்ஸன்தான் அங்கே இல்லை. எழுபதுகளில் நாஷ்வில் நகரில் புதிய தொழிற்சாலை கண்ட நிறுவனம், 1984-ல் கலமசூவை அடியோடு விட்டுச் சென்றது. ஊரைவிட்டுப் போக மனமில்லாத தொழிலாளிகள் சிலர், மறு ஆண்டே அதே கட்டடத்தில், ஹெரிட்டேஜ் என்ற வேறு பெயரில், பழைய கைப்பழக்கத்துடன் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். பெயர் அங்கே, சுவரும் கையும் இங்கே. இவற்றுள் எது ‘அது’? நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நான் தேடி வந்த ஊர் எங்கே இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டி, சக்கரமா தேர், அச்சா தேர், நுகமா தேர் என்று வினவிய வினாவே இது. வெட்டிய பின் வளர்ந்த மயிரையும் விளக்கின் சுடரையும் ‘அதுவே’ என்று கருதுவது ஒப்புமையால் விளைந்த மயக்கமே என்பார் பௌத்தர். பொருள் க்ஷணந்தோறும் வேறு, தொடர்ச்சி மட்டுமே உண்டு என்பது அவர் சித்தாந்தம். வேதாந்தியோ, அன்று கண்டவனும் இன்று காண்பவனும் ஒருவனாக இராவிடில் ‘அதுவே இது’ என்ற சொல்லே பிறவாது என்று, பொருளை விட்டுக் காண்பவனிடம் நம்மைத் திருப்புவார். மரத்தையும் ஊரையும் பற்றியவரையில் பௌத்தர் சொல்வதே உண்மையென்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவற்றை நாடி நாம் ஏன் இப்படி ஏங்குகிறோம் என்பதற்கு விடை வேதாந்தியிடம் இருக்கிறது. நமக்குள் மாறாமலிருக்கும் ஒன்றின் சாயலை வெளிப்பொருளில் கண்டு, அப்பொருளும் மாறாதிருக்கவேண்டுமென்று நிர்ப்பந்திக்கிறோம். பற்று என்று பெரியோர் கண்டித்தது அன்பையன்று, இந்த நிர்ப்பந்தத்தையே என்று நான் நம்புகிறேன்.

அன்றிரவு நண்பருக்கு நம் வீணையைப் பற்றிச் சொன்னேன். அதன் இருபத்துநான்கு மெட்டுக்களும் மெழுகின்மேல் பதிந்தவை. நாளாக மெழுகு நிலைகுலைந்து ஸ்வரம் பிசகும்போது, பழைய மெழுகை நீக்கிப் புதிதாக மேளம் கட்டுவார்கள். அதனால் பாட்டியின் வீணை வேறு வீணையாகிவிட்டதென்று எந்தப் பேத்தியும் வருந்தியதில்லை. வாசிப்பதற்காகப் பிறந்த பொருளை வாசிக்கத் தக்கதாக வைத்திருப்பதே அதைக் காப்பாற்றுவது என்பது நம் வீடுகளில் யாரும் கற்பிக்காமலே அறிந்த ஞானம். கலமசூவின் தொழிலாளிகள் பெயரை இழந்தும் செயலை விடாமல் காத்ததும் அதே ஞானத்தால்தான்.

ஊர் திரும்பிய ஒரு மாதத்தில் நண்பர் அந்தக் கிட்டாருக்குப் புது மெட்டு அடித்தார். சந்தையில் அதன் விலை இறங்கியது. அடுத்த முறை நான் சென்றபோது அதை மடியில் வைத்து எனக்காக வாசித்தார். கம்பியை மீட்டக் கை வளைந்ததும், அவருடைய முன்கை, யாரென்றே அறியாத முதல் மனிதர் உராய்ந்து பச்சை பூக்கவைத்த அதே விளிம்பில் போய்ப் படிந்தது.