மூன்று மாதத்து அனுஷ்டானம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சைவக் குடும்பங்களிற் பிறந்து, சர்வகலாசாலையிற் கற்கும் காலத்திலேயே கோடைகாலப் பயிற்சிக்கென மேல்நாடுகளுக்கு இரண்டு மூன்று மாதம் போய் வரும் பிள்ளைகள் இப்போது பலர். குளிருக்கு எதை உடுப்பது, சோற்றுக்கு என்ன செய்வது என்பவற்றுக்கெல்லாம் வீட்டில் விடை கிடைத்துவிட, வெள்ளிக்கிழமை விரதத்தின் பேச்சு வரும்போது மாத்திரம், "மூன்று மாதந்தானே, வந்து பிடிக்கலாம்" என்று அம்மம்மாவே சமாதானம் சொல்லி முடித்துவிடுகிறார்.

தேசகாலத்துக்கு ஏற்ப ஆசாரம் நெகிழலாம் என்பது பெரியோர் பலருக்கும் சம்மதமே. கொழும்பில் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரை மணிக்குள் பொழுது சாய, ஆனி மாதத்து லண்டனிலோ ஒன்பது மணி கழிந்தும் வெளிச்சம் நிற்கிறது. ஆதலால், வேலைத்தலத்திலிருந்து திரும்பிச் சமைத்துண்டு பாத்திரமும் கழுவி வைத்த பிறகே அங்கு பிரதோஷ வேளை வருகிறது. என் ஐயம் நெகிழ்வைப் பற்றியதன்று, தற்காலிகத்தைப் பற்றியது. குடியேறிப்போனவர்கள் ஹைகேட்டிலே முருகனுக்கும் ஜெர்மனியின் ஹம் நகரிலே காமாட்சியம்பாளுக்கும் கோயில் எடுத்தார்கள். வந்துபோகிறவனோ, தான் அவ்வூருக்கு உரியவனல்லன் என்ற எண்ணத்தினாலேயே எந்த நியமத்துக்கும் உரியவனல்லன் ஆகிவிடுகிறான்.

இந்த நியாயத்தைச் செட்டியார் தெரு ஒப்புக்கொண்டதில்லை. மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டு, மூன்று ஆண்டுக் கணக்குக்கென்று கடல் கடந்துவந்த நகரத்தார் முகவர்களும், கடையைப் பெருக்கி, எடுபிடி வேலை செய்து, பேரேடு எழுதப் பழகிய பெட்டியடிப் பையன்களும் தற்காலிக வாசிகளே. ஆயினும் அவர்கள் கணக்கிலே கோயிலுக்குரிய மகமை முன்னதாகவே ஒதுங்கியது. (அவர்கள் வாங்கிய வட்டியைப் பற்றி முணுமுணுத்தவர்கள் இத்தீவில் ஏராளம், அது வேறு கதை.) பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, கொள்ளை நோய்க்கு அஞ்சி அரசாங்கம் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தியபோது, அவர்கள் கொழும்பிலேயே ஆடிவேல் கண்டு, செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேலைத் தேரேற்றினார்கள் என்பது வழங்கிவரும் வரலாறு. யாத்திரை நின்றது, வழிபாடு நிற்கவில்லை.

இன்னுமொன்று. வெள்ளிக்கிழமைகளில் நம் வீடுகளில் மீன்சட்டி அடுப்பேறுவதில்லை. பிள்ளை மரக்கறியோடு உண்டு எழுகிறது. அந்த விரதத்தை உண்மையிற் காத்தது அடுக்களையே அன்றிப் பிள்ளையன்று. கேட்பாரும் பார்ப்பாருமில்லாத அந்நிய நகரத்து அறையிலே, எதையும் வாங்கி உண்ணக் கையிற் பணமும் இருக்க, இன்று வேண்டாமென்று தானே தீர்மானிக்கும் வெள்ளிக்கிழமைதான் அப்பிள்ளையின் முதல் விரதம். அந்த வாய்ப்பு வாய்க்கும் மூன்று மாதத்துக்கே விடுமுறை வழங்குவது விபரீதமான தயவு என்று கருதுகிறேன்.

எல்லாவற்றையும் சுமந்து செல்ல இயலாது, இயலவேண்டியதும் இல்லை. திருநீற்றை அலுவலகத்துக்கு அணிந்துபோவதா என்பதைக்கூடப் பிள்ளையின் சங்கோசத்துக்கே விட்டுவிடலாம். ஆனால் இவ்வாண்டு பிள்ளையைக் கட்டுநாயக்காவுக்கு வழியனுப்பப் போகும் பெற்றோரே, கைவிடாத நியமம் ஒன்றைப் புறப்படுமுன் பிள்ளையையே தெரிந்து சொல்லச் செய்யுங்கள். ஒன்றும் தோன்றாவிடில், கோயிலும் குருக்களும் சூரியாஸ்தமனமும் வேண்டாத மகமையையாவது முதற்சம்பளத்தில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.