தீர்க்கரேகையை நாம்தான் சொல்லவேண்டும்

விமானம் ஓட்டும் உத்தேசம் எனக்கு இல்லை. அதற்கான வயதும் கண்ணும் போயாயிற்று. வீட்டுக் கணினியில் ஒரு சிமுலேட்டர், அதற்குள் ஒரு போயிங் 737. சாயங்காலங்களில் அதன் எஃப்.எம்.சி. என்கிற வழிக் கணினியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பறப்பது குறைவு. நிறுத்துமிடத்தில் நின்றபடியே பக்கங்களைப் புரட்டுவதில் பொழுது போய்விடுகிறது.

*

இரு விமானிகளுக்கும் நடுவே, ஆளுக்கொன்றாக இரண்டு சிறு திரைகள். ஒவ்வொன்றின் இருபுறமும் ஆறாறு பொத்தான்கள். கீழே எழுத்துகள். தட்டச்சு வரிசை கிடையாது. ஏ, பி, சி, டி என்று பள்ளிக்கூட வரிசை. வேகமாகத் தட்டிப் பழகிய விரலுக்கு எரிச்சலாக இருக்கும். ஒவ்வொரு எழுத்தையும் தேடித்தான் அமுக்கவேண்டும். எனக்கு அது பிடித்துவிட்டது.

தட்டியது நேராக எங்கும் போய்ச் சேராது. ஸ்க்ராட்ச்பேட் என்கிற அடிவரியில் வந்து நிற்கும். எந்த இடத்தில் வேண்டுமோ அதற்குப் பக்கத்துப் பொத்தானை அமுக்கினால்தான் மேலே ஏறும். கட்டாயம் நிரப்பவேண்டிய இடத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். விருப்பம் இருந்தால் நிரப்பலாம் என்கிற இடத்தில் சிறு கோடுகள். பரீட்சைத் தாளில்கூட இவ்வளவு தெளிவு இருப்பதில்லை.

*

முதல் பக்கத்தில் தேதிகள் இருக்கின்றன. உலகத்து விமான நிலையங்கள், வான்வழிகள், ரேடியோ நிலையங்கள் எல்லாம் அடங்கிய தரவுத்தளம் 28 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது. எப்போதும் ஒரு வியாழக்கிழமையில். பழைய பஞ்சாங்கத்தை வைத்து நாள் பார்ப்பது போல ஆகிவிடக்கூடாது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

*

இரண்டாம் பக்கத்தில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

விமானம் எங்கே நிற்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை ஐ.ஆர்.எஸ். என்ற சாதனம் அறிந்துகொள்ளவேண்டும். அதற்குள் லேசர் கைரோக்கள். அது தயாராகும் சில நிமிடங்களுக்கு விமானத்தை நகர்த்தக்கூடாது. அந்த நேரத்தில் கைரோக்கள் பூமியின் சுழற்சியை உணர்கின்றன. ஓடுபாதை, கட்டடம், காத்திருக்கும் பேருந்து எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பூமி திரும்புகிற அந்த மிகச் சிறிய திருப்பத்தை. அதைக்கொண்டே வடக்கு எது என்று கண்டுபிடித்துவிடும். அட்சரேகையையும் கணக்குப் போட்டுவிடும்.

தீர்க்கரேகை மட்டும் அதற்குத் தெரியாது. சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. பூமி இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் சுழல்கிறது. நிற்பது கிழக்கே 80 டிகிரியிலா 77 டிகிரியிலா என்பதை அந்தச் சுழற்சியிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை. வெளியிலிருந்து ஒருவர் சொல்லவேண்டும்.

இப்போது ஜி.பி.எஸ். காட்டும் இடத்தை அப்படியே அடிவரிக்கு இறக்கி, பெட்டியில் ஏற்றிவிடலாம். ஆனாலும் கையால் தட்டும் வழி இருக்கிறது. 2015 மார்ச் 10 அன்று சிட்னியில், கோலாலம்பூருக்குப் புறப்பட இருந்த ஏர்ஏசியா எக்ஸ் ஏர்பஸ் ஏ330 ஒன்றில் கிழக்கு 151 டிகிரி 9.8 நிமிடம் என்று தட்டவேண்டிய இடத்தில் 15 டிகிரி 19.8 நிமிடம் என்று விழுந்தது. 15109.8, 01519.8. எண்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் கண் எப்படி வழுக்கியிருக்கும் என்பது புரிகிறது. விமானம் தன்னை 11,000 கிலோமீட்டருக்கும் அப்பால், தென்னாப்பிரிக்கப் பக்கமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு சிட்னியில் மேலெழுந்தது. கடைசியில் மெல்போர்னில் பத்திரமாக இறங்கினார்கள்.

*

சென்னையிலிருந்து மதுரை: விமான நிலையக் குறியீட்டில் விஓஎம்எம், விஓஎம்டி. புறப்பாட்டு வழியும் இறங்கு வழியும் தேர்ந்தெடுத்தபின் புள்ளிகள் வரிசையாக நிற்கும் லெக்ஸ் பக்கத்தைத் திறந்தால், நடுவில் எங்கோ பாதை அறுந்திருக்கும். ரூட் டிஸ்கன்டினியூட்டி என்ற அறிவிப்பு. அதன் மேலே காலிப் பெட்டிகள்.

பயிற்சிப் புத்தகங்கள் இதை ஒரு தொல்லையாகவே நடத்துகின்றன. கீழே உள்ள புள்ளியை அடிவரிக்கு இறக்கி, பெட்டியில் ஏற்றி, மூடிவிடச் சொல்கின்றன. எனக்கு இந்த இயந்திரத்தின்மேல் மரியாதை வந்ததே இங்கேதான். இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்க அதற்கு எவ்வளவு நேரமாகும்? செய்வதில்லை. யாரும் சொல்லாத வழியை வழி என்று எழுதிக்கொள்வதில்லை.

*

பாதையில் எதை மாற்றினாலும் வரைபடத்தில் புதிய வழி வெள்ளைச் சிறுகோடுகளாக வரும். பழையது மெஜந்தா நிறத்தில் அப்படியே இருக்கும். எக்ஸெக் பொத்தானுக்கு மேல் ஒரு விளக்கு எரியும். அமுக்கினால் வெள்ளை மெஜந்தாவாகும். இரேஸ் என்றால் ஒன்றும் நடக்காததுபோல் மறைந்துவிடும். பக்கத்து இருக்கைக்காரரும் பார்த்துச் சரி சொன்ன பிறகே அமுக்குவது முறை.

*

1995 டிசம்பர் 20, இரவு. கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிக்கொண்டிருந்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 757. வழக்கமான ஓடுபாதைக்குப் பதில் நேரே வந்து இறங்கக்கூடிய இன்னொன்றைத் தருகிறோம் என்றது கட்டுப்பாட்டு நிலையம்; ஒப்புக்கொண்டார்கள். நேரம் குறுகிவிட்டது. அதற்கு முன்பே ‘நேராகக் காலிக்கு’ என்று தட்டியிருந்ததால் இடையில் இருந்த துலுவா போன்ற புள்ளிகள் திரையிலிருந்து போய்விட்டிருந்தன. அடுத்துப் போகவேண்டியது ரோசோ என்ற ரேடியோ நிலையம். காகித வரைபடத்தில் அதன் அடையாளம் ஆர். ஆர் என்று தட்டினார்கள். தரவுத்தளத்தில் ஆர் என்பது பொகோட்டாவின் ரோமியோ. 200 கிலோமீட்டருக்கும் மேலே, வேறு திசையில். ரோசோ வேண்டுமென்றால் முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகத் தட்டியிருக்கவேண்டும்.

வெள்ளைக் கோடு ஒன்று இடதுபுறம், மலைகளின் பக்கம், நீண்டு திரும்பியிருக்கும். விளக்கு எரிந்திருக்கும். இருவரும் சேர்ந்து பார்க்காமலே எக்ஸெக் அமுக்கப்பட்டது. விமானம் கிழக்கே திரும்பியது. 159 பேர் இறந்தார்கள், 4 பேர் பிழைத்தார்கள்.

அந்த விபத்தின் விசாரணை அறிக்கையைப் படித்த பிறகு, விளக்கு எரியும்போது நான் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். வீட்டில் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. புள்ளிகளின் பெயர்களை, ஒவ்வொன்றுக்கும் உள்ள திசையை, தூரத்தை வாய்விட்டுப் படிக்கிறேன். சமையலறையிலிருந்து ‘யாரோட பேசறீங்க?’ என்று குரல் வரும்.

*

இந்த வாரம் ஹோல்ட் பக்கம். ஒரு புள்ளியைச் சுற்றிக் காத்திருக்கச் சொல்வது. எந்தத் திசையில் உள்ளே வரவேண்டும், வலப்புறமா இடப்புறமா, ஒரு நேர்ப்பகுதிக்கு எத்தனை நிமிடம். 14,000 அடிவரை ஒரு நிமிடம், அதற்கு மேல் ஒன்றரை. சொல்லிவிட்டால் சுற்ற ஆரம்பிக்கும். எக்ஸிட் ஹோல்ட் கொடுத்து, மறுபடி எக்ஸெக் அமுக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னும் எவ்வளவு நேரம் இப்படிச் சுற்றலாம் என்று அதே பக்கத்தில் ஒரு கணக்கும் காட்டுகிறது. ரிசர்வ் எரிபொருளைத் தொடாமல் எவ்வளவு நேரம் என்ற கணக்கு அது. எவ்வளவு ரிசர்வ் என்பதை, புறப்படும் முன் பெர்ஃப் இனிட் பக்கத்தில், நாம்தான் தட்டியிருப்போம்.