மண்டையில் ஒரு ஜன்னல்

எங்கள் பெரியம்மா 50 ஆண்டுகளாகப் பௌர்ணமிதோறும் மலை சுற்றியவள். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் அவள் காலுக்குப் பாடம். சென்ற ஐப்பசியில் ஒரு நாள், தன் வீட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "நம்ம வீடு எங்கேடா?" என்று என்னைக் கேட்டாள். டாக்டர் அதற்கு அல்ஸைமர் என்று பெயர் சொன்னார்.

அவளுடைய மகள் வயிற்றுப் பேரன் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவன். இதே நோயைத்தான் அவன் சுண்டெலிகளிடம் பார்த்துக்கொண்டிருக்கிறான். எலிக்கு இது தானாக வருவதில்லையாம். மனிதனுடைய பழுதுபட்ட மரபணுவைப் புகுத்தி வரவழைக்க வேண்டும். பிறகு மயக்கம் கொடுத்து, மண்டையோட்டில் சிறு வட்டமாக வெட்டியெடுத்து, அங்கே ஒரு கண்ணாடிச் சில்லைப் பதிக்கிறார்கள். 1990இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க் என்பவரும் தோழர்களும் கண்ட நுண்ணோக்கி ஒன்று உண்டு. அதன் அகச்சிவப்பு ஒளி அந்த ஜன்னல் வழியே உயிருள்ள மூளைக்குள் நுழைந்து பார்க்கிறது. நோயின் அடையாளமான அமிலாய்டு படிவு ஒன்று, ஒரே நாளுக்குள் உருவாகிவிடுவதை 2008இல் இப்படித்தான் கண்டார்கள்.

"முன்னெல்லாம் ஒவ்வொரு கட்டத்துக்கும் சில எலிகளைக் கொன்னு பார்க்கணும், மாமா. இப்போ ஒரே எலியை மாசக்கணக்கில் பார்க்கலாம். சாவு குறைஞ்சிருக்கு" என்றான்.

குறைந்திருக்கிறது, சரி. ஆனால் அந்த ஒரு எலியின் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டால்? பத்து எலிகளின் சாவை மிச்சம் பிடித்து, ஒரு எலியின் வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒரே தராசில் நிற்கிற பண்டங்கள்தாமா?

நம் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி ராஜ்ய சபையில் வாதாடியதன் பலனாக வந்தது 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். நோய் தீர்க்கும் அறிவுக்காகச் செய்யும் சோதனையை அது தடுக்கவில்லை. ஆனால் கூடியவரை பெரிய பிராணிகளை விட்டுவிட்டு முயல், தவளை, எலி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளப் பார்க்கச் சொல்கிறது. உருவம் சிறுத்தால் நோவும் சிறுத்துவிடுமா என்ன? ரமணாசிரமத்தில் 1948இல் மறைந்த பசு லக்ஷ்மிக்குச் சமாதி இருக்கிறது; மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும்கூட இருக்கிறது. எலிக்கு இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. பிள்ளையாரைச் சுமந்தும் பயனில்லை!

இப்படியெல்லாம் கேட்கிற நான் யோக்கியனா? அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பொறி வைத்து, விடிந்ததும் அதை வாளித் தண்ணீரில் அமுக்குகிறவன் நான்தான். எந்தக் கமிட்டியிடம் அனுமதி கேட்டேன்? பேரனாவது மயக்க மருந்து கொடுக்கிறான்.

எலிகளிடம் பலித்தது மனிதரிடம் பலிக்காமற்போன கதைகள் இந்த நோயில் ஏராளம். படிவைக் கரைக்கும் லெகானெமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. அதுவும் ஆரம்ப நிலையில் நோயைச் சற்றுத் தாமதப்படுத்துமே தவிர, போன நினைவைத் திருப்பித் தராது. ஆகவே, பெரியம்மாவுக்காக அந்த எலி கஷ்டப்படுகிறது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. இன்னும் நோய் வராத யாருக்காகவோ, ஒருவேளை எனக்காக. அதனால்தான் பேரனைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை, பாராட்டவும் வரவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது அவன் பாட்டியிடமும் இதையெல்லாம் சொன்னான். அவளுக்கு என்ன புரிந்ததோ!

"அதுக்கு யாருப்பா சோறு போடறா?"

"நான்தான், பாட்டி."

"பேர் வெச்சிருக்கியா?"

"நம்பர்தான்."

"ஐயோ பாவம்" என்றாள். பிறகு, "உன் பேர் என்னப்பா?" என்று கேட்டாள்.