விரல் நுனிக் குளிர்

அறுவை அரங்கின் கதவு சாத்தியதிலிருந்து என் விரல்கள் சில்லிட்டே கிடக்கின்றன. வெளியே சித்திரை வெயில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி தற்செயலாகத் தொட்டவர், "என்ன, கை இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றார். உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே இருப்பது அம்மா.

*

சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் இரண்டு சிறு சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 கிராம். அங்கிருந்து கிளம்பும் அட்ரினலின், ரத்தம் போகிற இடமெல்லாம் போகிறது. ஆனால் போன இடமெல்லாம் ஒன்றையே செய்வதில்லை. தோலின் நுண்தமனிகள் அதைக் கண்டதும் இறுகுகின்றன. நரம்பு வழியே வரும் நோர்அட்ரினலினும் அங்கே சேர்ந்துகொள்கிறது. குடலும் சிறுநீரகமும் தோலின் பக்கம். தொடைத் தசையின் நுண்தமனிகளோ நெகிழ்ந்து வழிவிடுகின்றன. மூளையின் குழாய்கள் பெரிதாக அசைவதில்லை.

குழாயைச் சுற்றிய மென்தசையில், அட்ரினலினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளில் எந்த வகை மிகுதி என்பதுதான் காரணம். ஆல்பா மிகுந்தால் இறுக்கம். பீட்டா-2 மிகுந்தால் நெகிழ்வு.

*

பயந்தால் கைகால் சில்லிடும், முகம் வெளுக்கும், வயிற்றைக் கலக்கும் என்கிறோம். மூன்றுமே ரத்தம் விலகிப் போகிற இடங்கள். அது போய்ச் சேர்கிற இடத்துக்கு ஒரு சொல் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. இழப்பை உடனே உணர்கிறோம். அது எங்கே செலவானது என்பது தெரிவதில்லை.

*

உடலியலாளர் ஹென்றி டேல் 1906-இல் எழுதியதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையின் சாற்றைப் பூனைகளுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அட்ரினலின் செலுத்தினார். ஏறியிருக்க வேண்டிய ரத்த அழுத்தம் இறங்கியது. சாறு இறுக்கத்தை மட்டும் தடுத்திருந்தது. அடியில் நெகிழ்வு எப்போதும் இருந்திருக்கிறது, இறுக்கத்தின் ஓசையில் கேட்காமல். இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948-இல் இந்த இரண்டுக்கும் பின்னாலிருக்கும் ஏற்பிகளுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயர் வைத்தார். ஏற்பி எதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. எந்த மருந்து எந்தத் திசுவை எவ்வளவு அசைக்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தார். ஒரு வரிசை வராமல் இரண்டு வந்தன. அவ்வளவு பொறுமை போதுமாக இருந்திருக்கிறது.

*

தசைக்குழாயில் ஆல்பாவும் உண்டு. அட்ரினலின் சிறிதளவே வரும்போது பீட்டா முந்திக்கொள்கிறது, குழாய் விரிகிறது. அளவு மிகுந்தால் ஆல்பாவின் கை ஓங்கி அதே குழாய் சுருங்குகிறது. ஆக, வேறுபாடு இடத்துக்கு இடம் மட்டுமல்ல. ஒரே இடத்துக்குள்ளும் இருக்கிறது.

*

கடும் ஒவ்வாமையில் மூச்சடைத்து விழுந்தவருக்கு அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுகிறார்கள். தோலுக்கடியில் போட்டால், மருந்து தன்னைச் சுமந்துபோக வேண்டிய குழாய்களையே இறுக்கிவிடும். போட்ட இடத்திலேயே தேங்கும். 1998-இல் குழந்தைகளிடம் அளந்து பார்த்தார்கள். மருந்து ரத்தத்தில் உச்சத்தை எட்ட, தசை வழியே சராசரி 8 நிமிடம், தோலடி வழியே 34. மூச்சுக்குத் தவிக்கும் ஒரு பிள்ளைக்கு இடையிலுள்ள 26 நிமிடம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஊசி போடும் கை ஒரு விரற்கடை ஆழம் அறிந்திருக்க வேண்டும்.

*

மாலையில் உள்ளே விட்டார்கள். அம்மா கண் திறக்கவில்லை. திரையில் எண்கள் ஓடின. செவிலியர் அவற்றைப் பார்த்துவிட்டுப் போர்வையின் கால்மாட்டை விலக்கி, கட்டைவிரலைத் தன் விரல்களால் பற்றிப் பார்த்தார். உடல் நெருக்கடியில் முதலில் கைவிடுவது தோலை. நெருக்கடி தீர்ந்து கடைசியில் திரும்பி வருவதும் தோலுக்கு. அதனால் கால்விரல் சொல்வதை இங்கே நம்புகிறார்கள்.

பிறகு கைவிரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவந்தது.

"கால் சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க" என்றார்.

என் கை இன்னும் குளிர்ந்தே இருந்தது. இரண்டையும் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு தொட்டேன்.