விருந்தில் யாருக்கு இடம்?
கிறிஸ்துமஸ் காதல் நகைச்சுவைப் படங்கள் பெரும்பாலும் வீடு திரும்புதலில் தொடங்கி, குடும்பம் காதலை ஏற்பதில் முடிகின்றன. தன்பாலீர்ப்பாளர்கள் இவற்றில் நெடுங்காலம் நாயகர்களாக இடம்பெறவில்லை. 2020இல் வெளியான அமெரிக்கப் படம் ‘ஹேப்பியஸ்ட் சீசன்’, காதலியை அறைத்தோழி என்று சொல்லிப் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துச்செல்லும் பெண்ணைக் காட்டியது. 2021இல் வந்த ‘சிங்கிள் ஆல் தி வே’ படத்திலோ குடும்பமே மகனுக்குத் துணைவனைத் தேடுகிறது.

இந்த வேறுபாட்டின் அடியில் இருப்பது அங்கீகாரம் பற்றிய மெய்யியல் கேள்வி. அங்கீகாரத்தை மறுப்பது மட்டுமல்ல, திரித்து வழங்குவதும் தீங்கே என்று மெய்யியலாளர் சார்லஸ் டெய்லர் 1992இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார். அவ்வகையில், ஒரு பிரிவினரைத் துயரக் கதைகளில் மட்டுமே காட்டுவதும் திரிபுதான். பண்டிகைக் கதைகளில் இடமளிப்பது இத்திரிபைத் திருத்தும் எனலாம்; ஆனால் அக்கதைக்குள் நுழைவோர் அதன் பழைய குடும்ப இலட்சியத்துக்கும் உட்படுகிறார்கள் என்பது எதிர்வாதம்.